சுரங்கத்துக்கு ஒரு பேச்சு, ரயிலுக்கு ஒரு பேச்சு

வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவார்கள். எதையெல்லாம் தெரியும் என்று எழுதுவது? பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தையிடம் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டு வாங்கத் தெரியும். தெலுங்கில் ஒரு வரி எழுதத் தெரியாது. பங்காரப்பேட்டைச் சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசி இரண்டு ரூபாய் குறைக்கத் தெரியும். கன்னடச் செய்தித்தாளை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ராபர்ட்சன்பேட்டை இறைச்சிக் கடையில் உருதுவும் இந்தியும் கலந்து எலும்பு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். எங்களுக்கு மொழிகளைவிட ஆட்களை நன்றாகத் தெரியும். எந்த ஆளிடம் எந்தப் பேச்சு என்பது நடை பழகும்போதே வந்துவிடும்.

நான் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் மரத்தாங்கல் போடும் டிம்பர்மேன். நான் பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படித்தபோது மொழியியல் ஒரு தாளாக வந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் யோசிக்காமல் செய்துவந்த காரியத்துக்கு அறிஞர்கள் பெயர் வைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எதிரில் இருப்பவரின் பேச்சை நோக்கி நம் பேச்சை நகர்த்துகிறோம். அவரோடு சேர மனமில்லாதபோது வேண்டுமென்றே தள்ளி வைத்துக்கொள்கிறோம். ஹோவர்ட் ஜைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1970-களில் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். நெருங்கல், விலகல் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பாடப் புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக அதுதான் பிழைப்பு.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வந்த சினிமாவால் கோலார் தங்கவயலைக் குறிக்கும் கே.ஜி.எஃப். என்ற மூன்றெழுத்து இந்தியா முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தில் வரும் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தம் குறைவு. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அன் சன்ஸ் இங்கே வந்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், ஊரிகம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. பாறையைக் குடைய ஆட்கள் வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் ஆதி திராவிடர்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் தெரிந்த மேற்பார்வையாளர்கள் வந்தார்கள். இத்தாலியர்கள் வந்தார்கள். ஆங்கிலோ-இந்தியர்கள் ஃபோர்மேன்களாகவும் மெக்கானிக்குகளாகவும் வந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபிகள், அலுவலகங்களுக்கு மலையாளிகள், சுற்றுக் கிராமங்களிலிருந்து கன்னடர்களும் தெலுங்கர்களும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலை செய்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது இந்தியாவின் பல நகரங்கள் இருட்டில்தான் இருந்தன.

இத்தனை பேரும் ஒரே குழிக்குள் இறங்க வேண்டும். சாம்பியன் ரீஃபில் அந்தக் குழி 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போனது. அங்கே ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் புரியவில்லை என்றால் ஆள் செத்துப்போவார். அதனால் கீழே ஒரு பேச்சு உருவானது. தமிழ்தான் அதன் முதுகெலும்பு. ஆனால் கேஜ், ஸ்கிப், லெவல், ஸ்டோப், வின்ஸ், டிராமர், பேங்க்ஸ்மேன் என்று வேலைக்கான பெயர்கள் எல்லாம் கார்ன்வால்காரர்களிடமிருந்தும் ஆங்கிலேயர்களிடமிருந்தும் வந்தவை. மேற்பார்வையாளரைக் 'கேப்டன்' என்று கூப்பிடுவதும் கார்ன்வால் சுரங்க வழக்கம்தான். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிறவர் மட்டும் மேஸ்திரி. அவசரம் என்றால் 'ஜல்தி'. ஆழத்தின் அழுத்தத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். பொறியாளர்கள் ராக் பர்ஸ்ட் என்று எழுதுவார்கள், ஊர் முழுக்க அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்றுதான் பேர். பூமிக்கு மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் குலுங்கும். பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த வீட்டுப் பெண்ணானாலும் "ஏர் பிளாஸ்ட், எந்த லெவலு?" என்றுதான் கேட்பாள்.

அப்பாவின் பேச்சை நான் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறேன். வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ்: "இன்னாம்மா, சாப்டியா? எங்க போய்னு இருக்க?" வேலைக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் குரல் கட்டையாகிவிடும், வாக்கியங்கள் சுருங்கிவிடும், பாதி வார்த்தை ஆங்கிலமாகிவிடும். "பதினெட்டாவது லெவல்ல டிம்பர் லூஸாயிட்டு கீது, கேப்டன் கைல சொல்லிட்டேன்." அந்தப் பேச்சில் 'தயவுசெய்து' இல்லை, 'அப்படியா' இல்லை. கீழே இரைச்சலில் சுருக்கமாகப் பேசிப் பழகிய வாய்.

மூன்றாவது, கூட்டப் பேச்சு. 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் கூட்டத்தில் அப்பா இரண்டு நிமிடம் பேசக் கேட்டேன். "தோழர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினார். 'இன்னா' என்பது 'என்ன' ஆனது, 'கீது' என்பது 'இருக்கிறது' ஆனது. நான் சிறுமி. அது என் அப்பாதானா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

அந்த மூன்றில் எது உண்மையான பேச்சு என்று கல்லூரியில் ஒரு தோழி கேட்டாள். மூன்றும்தான். லைன் வீட்டுத் திண்ணையில் கூட்டத் தமிழ் பேசியிருந்தால் அக்கம்பக்கத்தார் அவரை அண்டியிருக்க மாட்டார்கள். மேடையில் திண்ணைத் தமிழ் பேசியிருந்தால் இறந்தவர்களுக்கு மரியாதை குறைந்ததாக எண்ணியிருப்பார்கள். ஒவ்வோரிடத்திலும் அங்கே இருந்தவர்களோடு சேர்ந்து நிற்க அவருக்கு ஒரு பேச்சு தேவைப்பட்டது.

எங்களைப் போலப் பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் ஊர்கள் வேறும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்லிக்குப் பக்கத்தில் குப்வாட் என்று ஒரு கிராமம். அங்கே கன்னடம், மராத்தி, உருது பேசுகிறவர்கள் பல நூறு ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். 1971-இல் மொழியியலாளர்கள் ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் அதைப் பற்றி எழுதினார்கள். அந்த ஊரில் மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது, சொற்கள் மட்டும் தனித்தனியாக நிற்கின்றன என்பது அவர்கள் கண்டது. வீட்டில் சாதி, மத அடையாளத்துக்கு ஒரு மொழி. வெளியில் எல்லோரோடும் பேசவும் வேண்டும். இரண்டையும் விடாமல் அந்த மக்கள் கண்ட வழி அது. இதைப் படித்தபோது எங்கள் லைன் நினைவுக்கு வந்தது. தெலுங்கு வீட்டார் தெலுங்குதான் பேசுவார்கள், ஆனால் அவர்களுடைய தெலுங்கைத் தமிழ்க் குழந்தை ஒரு மாதத்தில் புரிந்துகொள்ளும். நாங்கள் பேசும் தமிழில் கன்னடத்து 'குரு', 'சொல்ப' (கொஞ்சம்), 'சக்கத்' எல்லாம் வீட்டுச் சொற்கள். "இன்னா குரு, சொல்ப தள்ளி உக்காரு" என்பது எங்களுக்குச் சுத்தமான தமிழ்.

இதுவரை சொன்னது நெருங்கும் கதை. விலகும் கதை இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

என் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். அந்தக் கிராமத்தில் சேரிக்காரர்கள் நிலக்காரரை 'ஆண்டே' என்றும் 'சாமி' என்றும்தான் கூப்பிட வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஓரமாக நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தின் கொடிய வடிவம் அது. எதிராளிக்கு ஏற்பப் பேச்சை மாற்றிக்கொள்ளாவிட்டால் அடி விழும்.

மைன்ஸில் தாத்தா 'சார்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரக் கேப்டனையும் சார் என்றார், ஆங்கிலோ-இந்திய ஃபோர்மேனையும் சார் என்றார், பள்ளிக்கூட வாத்தியாரையும் சார் என்றார். அந்தச் சொல்லில் மரியாதை இருந்தது, சாதி இல்லை. பொங்கலுக்குக் கிராமத்துக்குப் போனபோது நிலக்காரர் எதிரில் வந்தார். தாத்தா சட்டையோடும் செருப்போடும் நின்று, "நல்லா கீறீங்களா சார்?" என்று கேட்டார். இதை அத்தைதான் எனக்குச் சொன்னார். ஒரு வசவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. நலம்தான் விசாரித்தார். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அன்று சாயங்காலம் சேரிக்கு ஆள் வந்தது. "தங்கம் வெட்டப் போனவனுக்கு நாக்கும் தங்கமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

பாட்டி வேறு மாதிரி. அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் 'சாமி' என்றுதான் சொன்னார். பாட்டியின் தம்பிகள் அங்கேயே பண்ணையில் இருந்தார்கள். "நாம ரெண்டு நாள்ல ரயில் ஏறிடுவோம். அவனுங்க அங்கதான இருக்கணும்?" என்பது அவருடைய வாதம். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இதில் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் மானத்துக்காக ஒருவர் பேச்சை மாற்ற மறுத்தார். பின்தங்கிவிட்ட உறவுகளின் முதுகைக் காப்பாற்ற மற்றவர் தன் பேச்சை வளைத்தார்.

தாத்தாவுக்கு அந்தத் தைரியம் சும்மா வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலில் வலுவான கிளை இருந்தது. மாரிகுப்பம் அதன் முக்கியமான இடம். 1907-இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஒரு வருடத்தில் அது 'தமிழன்' ஆயிற்று. சுரங்கத் தொழிலாளர்கள் அதற்கு வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பிறகு 1926-இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தத் தொடங்கினார். சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. ஷிஃப்டு முடிந்து மேலே வந்தவர்கள் குளித்துவிட்டு உட்கார, எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தங்களை எந்தப் பெயரால் பிறர் அழைக்கிறார்கள், தாங்கள் எந்தப் பெயரால் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது பண்டிதர் வாழ்நாள் முழுக்க நடத்திய வாதம். அதைக் கேட்டு வளர்ந்த வாய், குடியாத்தத்து வரப்பில் 'ஆண்டே' என்று சொல்ல மறுத்ததில் வியப்பில்லை.

இந்த மறுப்புக்கு உலகம் முழுக்க உறவு இருக்கிறது. ரிச்சர்ட் புர்ஹிஸ் என்ற ஆய்வாளரும் ஜைல்ஸும் வேல்ஸ் நாட்டில் செய்து 1977-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். வெல்ஷ் மொழியை ஆர்வமாகக் கற்றுக்கொண்டிருந்த பெரியவர்களிடம், மேட்டுக்குடி ஆங்கிலத்தில் ஒரு குரல் கேள்வி கேட்டது. நடுவில் அந்தக் குரல், எதிர்காலமே இல்லாத ஒரு செத்துக்கொண்டிருக்கும் மொழியை ஏன் படிக்கிறீர்கள் என்று சீண்டியது. அடுத்த பதில்களில் அவர்களுடைய ஆங்கிலத்தில் வெல்ஷ் வாடை கூடிவிட்டது. சிலர் பதிலுக்கு வெல்ஷ் சொற்களையே போட்டார்கள். தாத்தாவின் 'சார்' அந்த வகையைச் சேர்ந்தது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை மேலே அனுப்பிய ஊருக்கு அதற்குப் பிறகு ரயில்தான் சுரங்கம். மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே வண்டி கிளம்பும். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் ஏறுவார்கள். பங்காரப்பேட்டை, டேக்கல், மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம், கன்டோன்மென்ட். சீசன் டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூர் போய் வருகிறார்கள்: வீட்டு வேலைக்கு, காவல் வேலைக்கு, ஆயத்த ஆடை ஆலைக்கு, மால்களுக்கு, கணினி அலுவலகங்களுக்கு.

அந்த வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த நிலையம் வந்திருக்கிறது என்பது பேச்சை வைத்தே தெரியும். பங்காரப்பேட்டை வரைக்கும் எங்கள் தமிழ்தான், சத்தமாக. சீட்டாட்டம், பஜனை, சண்டை எல்லாம் அதில்தான். மாலூரில் கன்னடக்காரர்கள் ஏறியதும் "பன்னி அக்கா, கூத்கொள்ளி" என்று இடம் கொடுக்கும் குரல்கள் கேட்கும். அக்கா, அண்ணா, அம்மா என்ற முறைகள் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அந்த மாற்றம் மெதுவாக நடக்கும். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் பிள்ளைகள் தொலைபேசியை எடுத்து ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள். கன்டோன்மென்டில் இறங்கும் பெண்ணும் மாரிகுப்பத்தில் ஏறிய பெண்ணும் ஒருத்திதான் என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

இதே வண்டியில் வேறொரு காலத்தையும் பார்த்திருக்கிறேன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அப்போது நான் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வண்டி மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய நாட்களில் எங்கள் பெட்டியில் யாரும் பேசவில்லை. தமிழ் வார இதழ்களைப் பைக்குள் வைத்துக்கொண்டோம். பேச வேண்டி வந்தால் எங்களுக்குள்ளேயே கன்னடத்தில் பேசினோம். அந்தக் கன்னடமே எங்களைக் காட்டிக்கொடுக்கும் கன்னடம். தமிழ் உச்சரிப்பு மறையவில்லை. சிலர் வாயே திறக்காமல் ஊமைபோல் வந்தார்கள். மாலூரில் ஏறும் கன்னட அக்கா ஒருவர் நிலைமையைப் பார்த்துவிட்டு, கதவுப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எங்களிடம் தமிழில் பேசியே பழகாதவர், உடைந்த தமிழில், "நீங்க யாரும் பேச பேடா. யாராச்சும் கேட்டா நான் பேசுது" என்றார். அந்தத் தமிழைவிட நல்ல தமிழை நான் கேட்டதில்லை.

அதுவரைக்கும் எங்கள் பக்கம்தான் எல்லோரையும் நோக்கி நகர்ந்திருந்தது. அன்று ஒருவர் எங்களை நோக்கி நகர்ந்தார்.

இப்போதைய பிள்ளைகள் நகரும் தூரம் இன்னும் அதிகம். என் அக்காவுக்கு இரண்டு பையன்கள், ஒரு மகள். பெரியவன் பெங்களூரில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் உதவி செய்யும் அலுவலகத்தில் இருந்தான். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சில வாரங்கள் குரல் பயிற்சி. தாய்மொழியின் சாயல் எதிலெல்லாம் தெரிகிறது என்று கண்டுபிடித்து அகற்றுவார்கள். சின்னவன் ராபர்ட்சன்பேட்டையில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய 'இன்னா'வும் 'குரு'வும் வருடா வருடம் கூடிக்கொண்டுதான் போகின்றன. ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் கண்டது இதைத்தான். கோடைக்கு வந்து குவியும் பணக்காரச் சுற்றுலாக்காரர்களால் தங்கள் தீவு கைநழுவிப்போகிறது என்று உணர்ந்த மீனவர்களிடம், தீவுக்கே உரிய பழைய உச்சரிப்பு வலுத்திருந்தது. தீவிலேயே தங்கி வாழ முடிவு செய்த இளைஞர்களும் அப்படித்தான் பேசினார்கள். வெளியேற நினைத்தவர்களின் பேச்சில் அது மங்கியிருந்தது. ஒருவன் எங்கே வாழப்போகிறான் என்று அவனே முடிவு செய்வதற்கு முன் அவன் நாக்கு முடிவு செய்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

அக்காவின் மகள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் முதல் வாரமே, "நீ கன்னடமா? தமிழ் ஒரு மாதிரி பேசுறியே" என்று கேட்டிருக்கிறார்கள். பெங்களூரில் அவளை "நீவு தமிளரா?" என்று கேட்டவர்கள் ஏராளம். இப்போது சென்னையில் அவள் 'சொல்ப' சொல்வதில்லை. விடுமுறைக்கு மாரிகுப்பத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறியதும் அது திரும்பி வந்துவிடுகிறது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. சென்னைக்காரர்கள் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் பேசுவது உங்கள் தமிழின் சிதைவு கிடையாது. வட ஆற்காட்டு உழவர்கள் 140 வருடங்களுக்கு முன் எடுத்துவந்த தமிழ், சுரங்கத்துக்குள் போய்ப் பல மொழிக்காரர்களோடு பிழைத்து வெளியே வந்த தமிழ்.

ஆகவே, ஆளுக்கேற்பப் பேச்சை மாற்றுவது வேஷம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நியூஸிலாந்தில் ஆலன் பெல் என்ற ஆய்வாளர், ஒரே கட்டடத்தில் இரண்டு வானொலி நிலையங்களுக்கும் செய்தி வாசித்த அதே நபர்களின் குரலை ஒப்பிட்டார். படித்த நேயர்கள் கேட்கும் நிலையத்தில் ஓர் உச்சரிப்பு, பொது நேயர்கள் கேட்கும் நிலையத்தில் வேறோர் உச்சரிப்பு. கேட்பவர் கண்ணுக்குத் தெரியாதபோதும் நாம் அவர் பக்கம் சாய்கிறோம். மனிதர்கள் கூடி வாழ்வதற்கு இது வேண்டும். நான் கேட்பது வேறு கேள்வி: எப்போதும் யார் சாய்கிறார்கள்?

மருத்துவமனை மேசையில் இதற்கான பதிலை நாள் முழுக்கப் பார்க்கிறேன். முல்பாகல் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் வருவார். அவர் பேசுவது தெலுங்கும் கன்னடமும் பின்னிய எல்லைப்புறப் பேச்சு. உள்ளே அவருக்கு மருந்து முறையை ஆங்கிலமும் இந்தியும் கலந்து வேகமாகச் சொல்வார்கள். அவர் "ஆய்த்து சார், ஆய்த்து சார்" என்று தலையாட்டுவார். புரியவில்லை என்று சொன்னால் படிக்காதவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம். இரண்டு வார்த்தை ஆங்கிலத்தையும் தன் பங்குக்குச் சேர்த்துச் சொல்வார். அந்த இடத்து ஆளாகத் தன்னைக் காட்டிக்கொள்ள அவர் எடுக்கும் முயற்சி அது. வெளியே வந்ததும் நான் அவரை உட்காரவைத்து, அவருடைய பேச்சில், "தாத்தா, எந்தக் கண்ணுக்கு எத்தனை வேளை சொட்டு? நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்பேன். நான்கு வேளை ஊற்ற வேண்டிய மருந்தை ஒரு வேளை என்று சொன்னவர்கள் உண்டு. அறுவை செய்யாத கண்ணைக் காட்டியவர்களும் உண்டு. படித்தவரைப் போலத் தலையாட்டியதற்கு அவர்கள் கொடுக்கவிருந்த விலை ஒரு கண்.

படித்தவர், பணமுள்ளவர், நாற்காலியில் இருப்பவர் தன் பேச்சை மாற்றினால் அதற்குப் பெயர் எளிமை, ஊரே பாராட்டும். எதிரில் நிற்பவர் மாற்றினால் அதற்குப் பெயர் கடமை. மாற்றத் தெரியாவிட்டால் அவமானம். என் தாத்தா காலத்து வரப்பிலும் இன்றைய வங்கிக் கவுன்ட்டரிலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

வங்கியிலோ பள்ளியிலோ தாலுகா அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிரில் நிற்பவர் உங்கள் பேச்சுக்கு வந்து சேரும்வரை காத்திருக்காதீர்கள். அவருடைய பேச்சில் உங்களுக்குப் பத்துச் சொற்கள் தெரிந்தாலும் அதில் தொடங்குங்கள், தப்பாக வந்தாலும் பரவாயில்லை. அவர் தலையாட்டினால் அதோடு விட்டுவிடாமல், நீங்கள் சொன்னதை அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.